டர்போ டீசல் கார் இழுக்கவில்லையா? டீசல் அழுத்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வரிசை

ஸ்கேனரில் பி0087 என்ற கோளாறுக் குறியீடு (கோடு, code) வந்ததும் பம்ப் விலையை விசாரிக்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் ரெயிலில், அதாவது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குழாயில், இல்லை. அதற்கு யார் காரணம் என்று அது சொல்வதில்லை.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன பார்ப்போம்? மேலே திறந்துவிட்டார்களா, வாய்க்காலில் அடைப்பா, நடுவில் கரை உடைந்து வேறு பக்கம் போகிறதா. காரிலும் ஏறக்குறைய அதே கதைதான். டீசல் பம்புக்கு வந்து சேரவில்லை. அல்லது பம்ப் அழுத்தத்தை உண்டாக்கவில்லை. அல்லது உண்டான அழுத்தம் எங்கோ கசிந்து போகிறது. இந்த மூன்றையும் டேங்கிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்த்தால், செலவு குறைந்த காரணங்கள் முதலிலும் செலவு கூடியவை கடைசியிலும் வரும். வரிசை மாறினால் பணம் போகும்.

இங்கே சொல்வது காமன் ரெயில் டர்போ டீசல் வண்டிகளுக்கு. பழைய இன்னோவா, ஸ்கார்பியோ சிஆர்டிஇ, ஸ்விஃப்ட் டீசல், இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட், சஃபாரி டைகோர் போன்றவை. அதற்கும் முந்தைய, மெக்கானிக்கல் பம்ப் வைத்த டர்போ டீசல்களுக்கு 3 முதல் 6 வரையுள்ள பகுதிகள் பொருந்தும், மற்றவை பொருந்தாது.

1. கை வைப்பதற்கு முன்

கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். இந்த வண்டிகளின் ரெயிலில் ஐடிலிங்கிலேயே 250 முதல் 350 பார் வரை இருக்கும். முழு ஆக்சிலரேட்டரில் மாடலைப் பொறுத்து 1300, 1600 பார் என்று போகும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளை வழியே பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் எறும்பு கடித்தது போல்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனால் விரலையே இழக்க நேரலாம். அப்படி நடந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடராதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போய் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

அதனால் இரண்டு விதிகள். இன்ஜின் ஓடும்போது ரெயில் பக்கம் எந்த நட்டையும் தொடக்கூடாது. அணைத்த பிறகும் ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்தால் ஈரம் அதில் தெரியும்.

டிராக்டரிலும் பம்ப்செட் இன்ஜினிலும் கை பழகியவர்கள் இங்கேதான் தவறுவார்கள். அங்கே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, ஏர் எடுப்பது வழக்கம். அதே பழக்கத்தில் காமன் ரெயிலில் ஸ்பானரை வைக்காதீர்கள்.

அடுத்தது சுத்தம். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனில் பல மடங்கு குறைவு. தை, மாசியில் அறுவடை நடக்கும்போது, ரோட்டில் நெல் காயும் நாட்களில் வீட்டு வாசலில் வைத்து லைனைக் கழற்றினால் அந்தத் தூசி அத்தனையும் உள்ளே போகும். கழற்றும் இடத்தை முதலில் பிரஷ் போட்டுத் துடையுங்கள். கழற்றிய முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடி போட்டு அடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் விடும்.

தேவையானவை: நேரலை அளவுகள் காட்டும் ஸ்கேனர், மல்டிமீட்டர், 0 முதல் 10 பார் வரை காட்டும் கேஜ், ஒரு வேக்குவம் கேஜ், அளவுக்கோடு போட்ட நாலு சின்ன பாட்டில்கள், கண்ணாடிப் புட்டி ஒன்று, 5 லிட்டர் கேன், புது டீசல் ஃபில்டர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. அப்புறம் மூன்று மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். டீசல் பட்டால் சில நாளில் விறைத்துவிடும், சோதனை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள், வண்டியில் நிரந்தரமாக விடக்கூடாது.

விலை குறைந்த இஎல்எம் 327 ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இருக்கும் அழுத்தத்தை மட்டும் காட்டும். கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் 8-வது படி வேலை செய்யும். உங்களுடையது காட்டவில்லை என்றால் அந்தப் படிக்கு மட்டும் ஒரு மெக்கானிக்கின் ஸ்கேனரைக் கேட்டு வாங்குங்கள்.

2. கோடை அழிக்காதீர்கள், முதலில் எழுதுங்கள்

வந்த கோடுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோடு பதிவான நேரத்தில் வேகம், ஆர்பிஎம், அழுத்தம் என்ன என்பதையும் இன்ஜின் கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். புதிதாக ஸ்கேனர் வாங்கியவர்கள் முதலில் செய்வது அழிப்பதுதான்.

அப்புறம் ஓட்டுகிறவரிடம் பேச வேண்டும். "வண்டி மூச்சு முட்டுது" என்றால் போதாது. எப்போது முட்டுகிறது? காலையில் முதல் செல்ஃபில் நேரம் எடுத்து, அப்புறம் நாளெல்லாம் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் இரவில் டீசல் பின்னோக்கி டேங்குக்கு வடிகிறது, எங்கோ ஏர் இழுக்கிறது என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மாறாக, சூடான வண்டியை டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் மட்டும் தகராறு என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல்) அதிகம், அல்லது பம்ப் தேய்மானம். சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால் தேய்ந்த இடத்தில் கூடுதலாகக் கசியும். ஐடிலிங்கில் பிரச்சினையே இல்லை, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது மட்டும் செக் லைட் எரிந்து வேகம் குறைகிறது என்றால் டீசல் வரத்துக் குறைவு. கால் டேங்குக்குக் கீழே வந்தால் மட்டும் என்றால் டேங்குக்குள் பாருங்கள்.

இந்த ஒரு உரையாடலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கடைசியாக எங்கே டீசல் போட்டார், எதில் வாங்கி ஊற்றினார் என்பதையும் கேளுங்கள். ஏன் என்று 5-ல் தெரியும்.

3. டர்போவைக் கழித்துவிடுங்கள்

இழுவை இல்லாத வண்டி எல்லாம் டீசல் அழுத்தம் குறைந்த வண்டி அல்ல. இன்டர்கூலர் பைப் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான். புகையைப் பாருங்கள். காற்று குறைந்தால் கறுப்புப் புகை வரும். டீசல் குறைந்தால் பெரும்பாலும் புகையே இல்லாமல் இழுவை மட்டும் போகும். பி0299 வந்திருந்தால் அது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவு. முதலில் ஹோஸ்களைப் பாருங்கள்.

டர்போவின் வேக்குவம் டியூப்களைக் கடைசி வரை விரலால் தடவிப் பாருங்கள். நம் காவிரி டெல்டாவில் அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். பானெட்டுக்குள் சூடு இருக்கும், அங்கே குடியேறும். டியூபைக் கடிக்கும், ரெயில் சென்சார் ஒயரையும் கடிக்கும். பேட்டரிக்குப் பின்னால் நெல் உமி கிடந்தால் ஒயர்களை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

4. பேட்டரி

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், அழுத்தம் ஏறாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 10 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் பேட்டரி, எர்த் ஒயர் இரண்டையும் சரிசெய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் சில நொடி ஒரு முனகல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே.

5. டீசலுக்குள் என்ன இருக்கிறது

டெல்டாவில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. குறுவை, சம்பா வேலை நடக்கும் வீடுகளில் டிராக்டருக்கும் பம்ப்செட்டுக்கும் கேனிலும் பேரலிலும் டீசல் வாங்கி வைப்பார்கள். அவசரத்துக்கு அதே பேரலில் இருந்து காருக்கும் ஊற்றுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் நின்ற பேரலின் மூடி மேல் தேங்கும் தண்ணீர் திருகு வழியாக உள்ளே இறங்கும். பாதி காலியான கார் டேங்கிலும் ஈரக் காற்று குளிர்ந்து சுவரில் நீராகப் படியும். தண்ணீர் டீசலை விடக் கனம், அடியில் தங்கும். டேங்கில் டீசலை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது.

ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, முதலில் வரும் கால் லிட்டரைக் கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பாக, கொழகொழவென்று ஏதாவது மிதந்தால் அது நுண்ணுயிர்ப் படலம். ஃபில்டரை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் மறுபடி அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் வாடை அடித்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு டேங்கைக் காலி செய்யுங்கள். இந்த பம்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான்.

ஒரு முறை மன்னார்குடிப் பக்கம் ஒரு இன்னோவா. பம்ப், சென்சார் என்று விலைப்பட்டியல் வரை போட்டாகிவிட்டது. வடிகால் திருகைத் திறந்தேன். முதலில் வந்தது டீசலே இல்லை, இளநீர் போலக் கலங்கிய தண்ணீர். கையில் பட்டபோதே தெரிந்தது, வழுக்கவில்லை. "அண்ணே, அந்தக் கேன்ல போன வாரம் வயலுக்குத் தண்ணி கொண்டு போனோம்" என்று வீட்டுப் பையன் மெதுவாகச் சொன்னான்.

டேங்க் மூச்சுவிடுகிறதா என்பதையும் இங்கேயே பாருங்கள். இழுவை குறைந்த அந்த நிமிடத்தில் ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அதன் பிறகு வண்டி சரியாக ஓடினால், காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. குளவி மண் கூடு கட்டி அடைத்ததை நானே குத்தி எடுத்திருக்கிறேன். செலவு ஒரு ஈர்க்குச்சி.

6. ஃபில்டரும் ஏரும்

ஃபில்டர் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆனது என்பது தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் டூப்ளிகேட் போட்டால் மாற்றாமல் இருப்பதே மேல். காகிதம் கரைந்து, அந்தத் துகள் பம்புக்குள் போகும்.

ஃபில்டர் மாற்றிய மறுநாள் வந்த கோளாறு என்றால், ரப்பர் வளையம் மடங்கி உட்கார்ந்திருக்கும். அந்த வளையத்தில் டீசல் தடவிப் போட வேண்டும், உலர்ந்தபடி திருகினால் மடங்கும். டெஃப்ளான் டேப்பை டீசல் லைனில் சுற்றாதீர்கள். அது பிய்ந்து இன்ஜெக்டர் வரை போகும்.

முன்னால் இருக்கும் பம்பே டீசலை உறிஞ்சி இழுக்கும் வண்டிகளில் (வகையை 7-ல் பாருங்கள்) இப்போது தெளிவான டியூபை ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவில் போடுங்கள். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டுப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் குமிழ் வரும், அது நீங்கள் கழற்றியபோது புகுந்த காற்று. அதற்குப் பிறகும் மணிமணியாகக் குமிழ் ஓடிக்கொண்டே இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது. அங்கே டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்லை, தரை காய்ந்துதான் இருக்கு" என்று சொல்லி ஏமாறுவது இதில்தான்.

கைப் பம்ப் உள்ள வண்டியில் இன்னொரு எளிய சோதனை உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், செல்ஃப் அடிக்கும் முன் கைப் பம்பை அழுத்துங்கள். முதல் அழுத்திலேயே கெட்டியாக நின்றால் லைனில் டீசல் நிற்கிறது. இருபது தடவை தொளதொளவென்று போய், அப்புறம் கெட்டியாகி, வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் இரவில் டீசல் வடிந்திருக்கிறது. பழைய ஹோஸின் கிளாம்ப், ஃபில்டர் மூடி, கைப் பம்பின் உள் வால்வு என்று இதே வரிசையில் பாருங்கள்.

7. பம்ப் வரை டீசல் எவ்வளவு வருகிறது

வண்டிகள் இரண்டு வகை, அளக்கும் முறையும் இரண்டு. இதைக் குழப்பிக்கொண்டால் கேஜ் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஸ்விஃப்ட் டீசல் போன்றவற்றில் டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் இருந்து முன்னால் தள்ளும். ஹை பிரஷர் பம்புக்கு முன்னால் டி வடிவ இணைப்பு போட்டு கேஜை மாட்டுங்கள். பெரும்பாலும் 3 முதல் 5 பாருக்குள் இருக்கும், உங்கள் மாடலின் எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் உறுதி செய்யுங்கள். ஐடிலிங்கில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கேஜை வைப்பர் பக்கம் டேப் போட்டு ஒட்டி, கண்ணாடி வழியே தெரியும்படி வைத்து, லோடில் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் வேண்டாம்.

இன்னோவா போன்றவற்றில் முன்னால் இருக்கும் பம்பே உறிஞ்சி இழுக்கும். அங்கே அழுத்தம் இருக்காது, வேக்குவம்தான் இருக்கும். வேக்குவம் கேஜில் 0.3 பாரைத் தாண்டினால் பின்னால் எங்கோ அடைப்பு.

உறிஞ்சும் வகைக்கு எனக்குப் பிடித்த சோதனை சலைன் ஏற்றுவது. 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, பம்பை விட உயரத்தில், வெப்பமான பாகங்களுக்கு எட்டாமல் கட்டித் தொங்கவிடுங்கள். பம்பின் வரத்துக் குழாயைப் புது ஃபில்டர் வழியாக இந்தக் கேனோடு இணையுங்கள். ரிட்டர்ன் குழாயையும் இதிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் கேன் டீசல் டேங்குக்குப் போய்ச் சீக்கிரம் தீர்ந்துவிடும். நிறுத்திய இடத்திலேயே ஓட்டி, ஆர்பிஎம் ஏற்றிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் டேங்கிலிருந்து ஃபில்டர் வரை எங்கோ பிரச்சினை. பம்ப் நல்ல பம்ப். மறையவில்லை என்றால் பின்பக்கத்தை மறந்துவிட்டு முன்னால் வாருங்கள். எலெக்ட்ரிக் பம்ப் வகையில் இந்தச் சோதனை செல்லாது. தொங்கும் கேன் 3 பார் கொடுக்காது.

8. சென்சார் சொல்வது உண்மையா, ரெயில் என்ன சொல்கிறது

இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். பூஜ்யம் அல்லது அதற்கு மிக அருகில் இருக்க வேண்டும். சென்சாரின் சிக்னல் ஒயரில் பல மாடல்களில் சுமார் 0.5 வோல்ட், சப்ளை ஒயரில் 5 வோல்ட். நிற்கிற வண்டியில் 40 பார், 60 பார் என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, அல்லது கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் கடல் காற்றால் இது சீக்கிரமே வரும்.

இதை அடுத்த சோதனைக்கு முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்சார் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டினால், கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஸ்கேனரில் எல்லாம் சரியாகத் தெரியும், கோடும் வராது, வண்டி மட்டும் இழுக்காது.

சென்சார் நம்பகமானது என்று தெரிந்த பிறகு நேரலை அளவுகள். கேட்ட அழுத்தம், இருக்கும் அழுத்தம், ஆர்பிஎம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வின் சதவீதம், இந்த நாலையும் பதிவு செய்யுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் 150 முதல் 200 பாரைத் தாண்டினால்தான் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இன்ஜெக்டரைத் திறக்கும். அதை எட்டவில்லை என்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எட்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிரச்சினை அழுத்தத்தில் இல்லை, வேறு இடத்தில் தேடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதில் நமக்கு ஒரு சிக்கல். டெல்டா தட்டையான ஊர், மலையேற்றம் கிடையாது. ரயில்வே மேம்பாலம் ஒன்றையோ, காலியான நேரத்தில் தஞ்சாவூர் திருச்சி நான்கு வழிச் சாலையையோ தேர்ந்தெடுங்கள். ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றி, மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் இருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். கேட்ட அழுத்தமும் இருக்கும் அழுத்தமும் ஒட்டியே ஏற வேண்டும். கேட்டது 1300, இருப்பது 900 என்று பிரிந்தால் அந்த இடத்தில்தான் கோளாறு.

புதியவர்கள் இங்கே தவறவிடுவது ஒன்று. வண்டி லிம்ப் மோடுக்கு (இன்ஜினைக் காக்கக் கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்து ஓட்டும் நிலை) போனதும் கம்ப்யூட்டர் தானே குறைவாகக் கேட்க ஆரம்பிக்கும். அப்போது இரண்டு எண்களும் ஒன்றாகிவிடும், "அழுத்தம் சரியாத்தானே இருக்கு" என்று தோன்றும். லைட் எரிவதற்கு முந்தைய சில நொடிகளைப் பாருங்கள். ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதால் இப்போது கோடை அழித்துவிட்டு, சாவியை ஆஃப் செய்து, புதிதாகத் தொடங்கலாம்.

ஐடிலிங்கில் நிலையாக இருந்து லோடில் மட்டும் பிரிந்தால் வரத்துக் குறைவு அல்லது பம்ப் தேய்மானம். ஐடிலிங்கிலேயே மேலும் கீழும் ஆடினால் ஏர் அல்லது கட்டுப்பாட்டு வால்வு. செல்ஃபிலேயே ஏறவில்லை என்றால் அடுத்த படியை இன்றே செய்யுங்கள்.

9. நாலு பாட்டில் சோதனை

கரை உடைந்து தண்ணீர் வெளியே போகிறதா என்று பார்ப்பது இது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் கொஞ்சம் டீசலை ரிட்டர்ன் லைனில் திருப்பி அனுப்பும். தேய்ந்தது நிறைய அனுப்பும். ஒன்று திறந்த மடையாக இருந்தாலே ரெயிலில் அழுத்தம் நிற்காது.

இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கும்போது செய்யுங்கள். அணைத்து, காத்திருந்து, ரிட்டர்ன் கிளிப்புகளைக் கழற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் ஒரே நீள டியூபை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். இருமல் மருந்து பாட்டில் அளவு போதும், நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இன்ஜெக்டர்களிலிருந்து கழற்றிய ரிட்டர்ன் லைனின் திறந்த முனைகளை மறக்காமல் அடையுங்கள். ஐடிலிங்கில் இரண்டு நிமிடம், அப்புறம் 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பத்து பத்து நொடியாக செல்ஃப் அடித்துப் பாருங்கள்.

எத்தனை மில்லி என்பதை விட, நாலுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். ஒரு ஸ்கார்பியோவில் மூன்று பாட்டிலில் விரல் அகலம்கூட ஏறவில்லை. மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மட்டும் நிரம்பி வழிந்து இன்ஜின் மூடியில் ஓடியது. அந்த வண்டிக்கு ஏற்கெனவே ஒரு பம்ப் மாற்றியிருந்தார்கள், வீண் செலவு. நாலும் சமமாக, ஆனால் நிறைய வந்தால் நாலுமே தேய்ந்திருக்கிறது. அதற்கு மாடலின் அளவோடு ஒப்பிட வேண்டும்.

பீசோ இன்ஜெக்டர் (மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் இயங்குவது) உள்ள வண்டிகளில் இப்படிச் செய்யாதீர்கள். அவற்றின் ரிட்டர்ன் லைனில் ஒரு அழுத்தம் இருந்தால்தான் அவை வேலை செய்யும். திறந்துவிட்டால் நல்ல இன்ஜெக்டரும் கெட்டது போல் தெரியும்.

இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் பொறித்திருக்கும் எண்ணை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், பெரும்பாலான மாடல்களில். இடம் மாற்றிப் போட்டாலும் அப்படித்தான். அடியில் உள்ள செப்பு வாஷர் புதிதாகவே இருக்கட்டும்.

10. வால்வுகள்

ரெயிலின் ஓரத்தில் உள்ள அழுத்த வரம்பு வால்வின் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, டியூபை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். சொட்டுகூட வரக் கூடாது. வந்தால் அழுத்தம் இந்த வழியாகத்தான் போகிறது. ரெயிலில் ரெகுலேட்டர் உள்ள மாடலில் ஓடும்போது வரத்து இருப்பது இயல்பு, செல்ஃபில் தாராளமாக வருவது இயல்பு அல்ல.

பம்பின் மேல் உள்ள உறிஞ்சு கட்டுப்பாட்டு வால்வு, இன்னோவாக்காரர்கள் எஸ்சிவி என்பது, ஒட்டிக்கொண்டால் ஐடிலிங் ஆடும், திடீரென்று ஆஃப் ஆகும். டென்சோ வகையில் மீட்டரில் சுமார் 2 ஓம் காட்டும். ஆனால் ஓம் சரியாக இருப்பதால் வால்வு நல்லது என்று ஆகாது, உள்ளிருக்கும் மின்சுருள் (காயில்) நல்லது என்று மட்டும்தான். உள்ளே பிஸ்டன் ஒட்டியிருக்கலாம். மாற்றிய பின் ஸ்கேனரில் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய மாடல்களும் உண்டு.

வால்வைக் கழற்றியதும் அதன் முனையை வெயிலில் திருப்பிப் பாருங்கள். மினுமினுப்பு இருக்கிறதா? ரிட்டர்ன் டீசலை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றியும் பாருங்கள். மின்னும் துகள் தெரிந்தால் பம்ப் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது. காந்தம் இழுக்கவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. இந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. பம்ப், ரெயில், இன்ஜெக்டர், லைன், டேங்க் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பம்பை மட்டும் மாற்றினால் பழைய துகள் புதிய பம்பைத் தின்னும்.

11. கடைசியில் பம்ப்

வரத்து சரி, சென்சார் சரி, ரிட்டர்ன் சரி, வால்வுகள் சரி. அப்படியும் அழுத்தம் ஏறவில்லை என்றால்தான் பம்ப். அதையும் கழற்றி, சோதனை பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்து அளந்து வாங்குங்கள். எண்களைத் தாளில் கேளுங்கள். "போயிடுச்சு சார்" என்ற வாய்வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள். எனக்கு அப்படி ஒரு முறை போயிருக்கிறது, பழைய பம்பை வேறு இடத்தில் பெஞ்சில் போட்டபோது அது நன்றாகவே இருந்தது.

புது பம்பை உலர்ந்தபடி சுற்றவிடாதீர்கள். முதலில் கைப் பம்பாலோ, எலெக்ட்ரிக் பம்பை நாலைந்து முறை சாவியால் ஓடவிட்டோ டீசல் நிரப்புங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள். க்ளோ பிளக் சூட்டில் அது உள்ளே வெடிக்கும்.

12. முடித்த பிறகு

எல்லா இணைப்பிலும் அட்டையை நீட்டிக் கசிவு பாருங்கள். அப்புறம் அதே மேம்பாலம், அதே மூன்றாவது கியர், அதே நாலு பேர். முன்பு பதிவு செய்ததோடு இதை ஒப்பிடுங்கள். இரண்டு நாள் கழித்து இரவு நின்ற வண்டியைக் காலையில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள், ஃபில்டர் அடித் திருகையும் மறுபடி ஒரு முறை வடியுங்கள்.

செல்ஃபில் எத்தனை பார், ஐடிலிங்கில் எத்தனை பார், முழு லோடில் எத்தனை, நாலு பாட்டிலின் அளவு, ஃபில்டர் மாற்றிய கிலோமீட்டர். இவற்றை ஒரு அட்டையில் எழுதி ஆர்சி புத்தகப் பையில் வையுங்கள். அடுத்த முறை யார் பானெட்டைத் திறந்தாலும் முதலில் அந்த அட்டையைக் கொடுங்கள்.